பிறப்பிடமும் வதிவிடமும்

ஈழத்துத் தமிழ் நாளிதழ்களின் மரண அறிவித்தற் பக்கத்தைப் படிக்கும் வழக்கமுடையோர் ஒரு வாக்கிய அமைப்பை நன்கறிவர். 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார்' என்று அது அமையும். இறந்தவரின் வயது சில வேளைகளில் விடுபடும், தொழில் விடுபடும், ஊர் விடுபடுவதில்லை. பெயருக்கும் முன்னே நிற்பது ஊரே. வானொலியில் அறிவித்தல் வாசிக்கப்படும்போது அடுக்களையில் நிற்பவர்கூட ஊர்ப்பெயர் கேட்டதும் கைவேலையை நிறுத்திவிட்டு ஆளின் பெயருக்காகக் காத்திருப்பார். கடந்த நாற்பது ஆண்டுகளில் வதிவிடங்கள் ரொறன்ரோ என்றும் இலண்டன் என்றும் பாரிஸ் என்றும் விலகிச் சென்றுவிட்டன. வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கின்றது.

கொட்டாஞ்சேனையில் அண்மையிற் காலமான பெரியவர் ஒருவர் இந்த வாக்கியத்தைத் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான முறை கையாலே கோத்தவர். அவர் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பாளராகத் தொழில் செய்தவர். ஈய எழுத்துக்கள் வழக்கிலிருந்த அக்காலத்தில், 'பிறப்பிடமாகவும்', 'வதிவிடமாகவும் கொண்ட' என்ற சொற்களை அவர் கலைக்காமல் நூலாற் கட்டித் தட்டின் ஓரத்தில் வைத்திருப்பார். அறிவித்தல் வந்ததும் ஊரையும் பெயரையும் மட்டும் புதிதாகக் கோத்தாற் போதும். சாவீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. கரவெட்டி, காரைநகர், மட்டுவில், தெல்லிப்பழை என யாழ்ப்பாணத்தின் ஊர்கள் பலவும் அவருடைய விரல்களுக்குத் தெரிந்திருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றை அவர் கண்ணாற் கண்டதில்லை.

அவர் காலமான அன்று முற்பகல், அவருக்குரிய அறிவித்தலை எழுத முற்பட்ட உறவினரிடையே ஒரு பிணக்கு எழுந்தது. அவர் 1941ஆம் ஆண்டு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையிற் பிறந்தவர். 82 ஆண்டுகள் வாழ்ந்து, பிறந்த ஒழுங்கைக்கு இரண்டு தெரு தள்ளி இறந்தவர். எனினும் வெள்ளவத்தையிலிருந்து வந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பியார், பிறப்பிடம் என்ற இடத்தில் தந்தையின் ஊராகிய வடமராட்சிக் கிராமத்தின் பெயரையே போட வேண்டும் என்று நின்றார். "கொட்டாஞ்சேனை எண்டு போட்டால் ஆர் எவர் எண்டு எங்கட சனத்துக்கு விளங்குமே, பிள்ளை? அது இருக்கிற இடம், ஊரில்லை" என்றார் அவர். மூத்த மகள் மறுமொழி கூறவில்லை. கையிலிருந்த தாளில் அந்த இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

சிறிய தந்தையாரின் கூற்றை வெறும் ஊர்ப்பெருமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. மரண அறிவித்தல் என்பது உறவினருக்கு விடுக்கப்படும் செய்தி. ஊர்ப்பெயரே அதன் முகவரி. ஆயினும் அவர் கூற்றினுள் ஒரு வினா பொதிந்து கிடக்கின்றது. நகரத்தின் ஒரு பகுதி மனிதருக்கு ஊராக முடியுமா? கொட்டாஞ்சேனையின் வரலாறே இவ்வினாவுக்கு விடை தேட வேண்டிய இடமாகும்.

கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே, இன்று கொழும்பு 13 என்னும் அஞ்சல் வட்டாரத்துள் அமைந்திருப்பது கொட்டாஞ்சேனை. பெயரின் ஈற்றில் நிற்கும் 'சேனை' காடழித்துப் பயிர்செய்த நிலத்தை நினைவூட்டும். சிங்களத்திலும் 'ஹேன' என்பது அதே பொருளைத் தரும். இரு மொழிகளிலும் ஒரே பொருள் தரும் சொல் ஒன்றைப் பெயரிலே தாங்கிய இவ்விடத்தில், பயிர் மறைந்து தெருக்கள் தோன்றிய காலந்தொட்டு வந்து குடியேறியோரின் அடையாளங்கள் படிந்துள்ளன. புறக்கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையிலான மேட்டில் ஒல்லாந்தர் 1749இல் அடிக்கல் நாட்டி 1757இல் நிறைவு செய்த வுல்வெண்டால் தேவாலயம் நிற்கின்றது. தொலைதேசத்திற் பிறந்து இங்கு மடிந்த ஒல்லாந்த ஆளுநர்களின் கல்லறைக் கற்கள் அதனுள்ளே பதிக்கப்பட்டுள்ளன. அவர்களுக்கும் பிறப்பிடம் ஒன்று, வதிவிடம் ஒன்று.

தேவாலயத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே புதுச்செட்டித் தெரு உள்ளது. வணிகத்தின் பொருட்டுத் தென்னிந்தியாவிலிருந்து வந்து, காலப்போக்கில் இங்கேயே தனியொரு சமூகமாகிவிட்ட கொழும்புச் செட்டிகளை அப்பெயர் நினைவூட்டும். பிற்காலத்தில் வட்டித்தொழிலும் அரிசி வணிகமும் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் செட்டியார் தெருவிற் கதிரேசன் கோயில்களை எழுப்பினர்; அங்கிருந்து தென்கொழும்புக்குச் செல்லும் ஆடிவேல் ஊர்வலம் கொழும்பு முழுவதற்கும் உரிய விழாவாயிற்று. கடலோரத்தில் கொச்சிக்கடை. கொச்சியிலிருந்து வந்தோரால் அப்பெயர் வந்ததென்பர். அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளிற் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் செல்வது நெடுநாளைய வழக்கம். அருகே சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லாற் புதுப்பித்தெழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் உள்ளது. இராமநாதன் 1851இலும் அவர் தம்பி அருணாசலம் 1853இலும் பிறந்தது கொழும்பிலேயே. தமிழரின் அரசியலுக்குத் தலைமை தாங்கிய அவ்விருவரையும் 'கொழும்பிற் பிறந்தோர், ஆதலால் ஊரற்றோர்' என்று எவரும் கூறியதில்லை. செல்வர்க்கு எவ்விடமும் ஊராகும். எளியோரிடமே ஊர் எதுவெனக் கேட்கப்படுகின்றது போலும்.

எளியோரைப் பெருந்தொகையாக இங்கு கொணர்ந்தது துறைமுகமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காலியே இலங்கையின் முதன்மையான கப்பற்றுறையாக விளங்கியது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்பணை 1885இல் நிறைவெய்தியதும், நீராவிக் கப்பல்கள் கொழும்பை நாடின. நிலக்கரி ஏற்றவும் தேயிலைப் பெட்டி சுமக்கவும் அரிசி மூட்டை இறக்கவும் ஆட்கள் வேண்டப்பட்டனர். தூத்துக்குடியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்தோர், இந்நாட்டின் கிராமங்களிலிருந்து வந்த சிங்களத் தொழிலாளரோடு ஒரே கூரை வரிசையின் கீழ் வாழ்ந்தனர். ஒரு குழாயடியையும் ஒரு மலசலகூடத்தையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் அவ்வரிசை வீடுகளுக்குக் கொழும்புத் தமிழில் 'தோட்டம்' என்று பெயர். மரமொன்றும் இல்லாத தோட்டம்!

பெரியவரின் தாய்வழிப் பாட்டனார் அவ்வாறு தூத்துக்குடியிலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். தந்தையார் 1930களில் வடமராட்சியிலிருந்து வந்து சுருட்டுக் கடையொன்றிற் கணக்கெழுதியவர். இருவேறு வழிகளால் இங்கு வந்த இரு குடும்பங்கள் ஒரு குழாயடியிற் சம்பந்திகளாயின. வடமராட்சியில் அத்திருமணத்தை விரும்பாதோர் இருந்தனர். கொட்டாஞ்சேனையில் அதனை ஒரு செய்தியாகவும் எவரும் கருதவில்லை.

நகரங்களின் வளர்ச்சியை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஏணஸ்ட் பேர்ஜஸ், சிக்காகோ நகரை முன்வைத்து 1925இல் ஒரு விளக்கம் தந்தார். நகரின் மையத்தைச் சூழ்ந்து ஒரு 'மாறுநிலை வலயம்' இருக்கும். புதிதாக வருவோர் வாடகை குறைந்த அவ்வலயத்தில் முதலில் ஒதுங்குவர். சற்றுப் பொருள் சேர்ந்ததும் வெளிவலயங்களுக்குப் பெயர்வர். அவர் விட்ட இடத்தில் அடுத்து வருவோர் குடிபுகுவர் என்பது அவ்விளக்கம். கொழும்புக்கும் இது ஓரளவு பொருந்தும். கொட்டாஞ்சேனையிற் காலூன்றிய பல குடும்பங்கள் வெள்ளவத்தைக்கும் வத்தளைக்கும் பெயர்ந்தன. இன்று தொடர்மாடி வீடுகள் நிறைந்து, தமிழ் நடுத்தர வகுப்பாரின் இருப்பிடமாகக் கருதப்படும் வெள்ளவத்தையும் ஒருகாலத்தில் ஆலைத் தொழிலாளரின் இடமாகவே இருந்தது. அங்கிருந்த நூற்பு நெசவாலையின் 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் இலங்கையின் இடதுசாரி இயக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகும். ஆயின், பேர்ஜஸின் விளக்கத்தில் ஒரு குறை உண்டு. வலயத்தைக் கடந்து செல்வோரையே அது காண்கின்றது. தங்கிவிடுவோரை அது கண்டுகொள்வதில்லை. மூன்று தலைமுறையாக ஒரே குழாயில் நீர் பிடிப்பவருக்கு அவ்விடம் மாறுநிலை வலயம் ஆகுமா?

தங்கிவிட்டோரை நோக்கி 'உன் ஊர் எது?' என்ற வினா பலமுறை எழுப்பப்பட்டுள்ளது. 1927ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தத்தில் எல்லா இனத் தொழிலாளரையும் ஒன்றுதிரட்டியவர் ஏ. ஈ. குணசிங்க. பொருளாதார மந்தம் சூழ்ந்த 1930களில் அவரே மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இயக்கத்தை முன்னின்று நடத்தினார். வேலை அருகியபோது தோழர் அந்நியரானார். எனினும் நகரம் ஒரே முகம் கொண்டதன்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் கொழும்பு மத்தி என்னும் மூன்று உறுப்பினர் தொகுதி, குணசிங்கவோடு மலாயரான ரி. பி. ஜாயாவையும் பறங்கியரும் பொதுவுடைமையாளருமான பீட்டர் கெனமனையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

அடுத்த ஆண்டே அவ்வினா சட்டவடிவம் பெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் இந்நாட்டிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. அவர் தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். பெரியவரின் தாய்மாமன்மார் கொட்டாஞ்சேனையிற் பிறந்து, அங்கேயே படித்து, துறைமுகத்தில் வேலை செய்தவர்கள். அவர்களின் தந்தை பிறந்தது தூத்துக்குடியில். ஒரே தோட்டத்தில் ஒரே பாயில் உறங்கிய மருமகன் பிரசையானான், மாமன்மார் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. இளைய மாமன் 1970களிலே தலைமன்னாரிற் கப்பலேறினார். தூத்துக்குடியில் அவரை அயலார் 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர் என்று கடிதம் வந்தது. அச்சட்டம் கேட்டதும் மரண அறிவித்தல் கேட்பதும் ஒரே வினாவே. ஒன்றில் உறவு தேடப்படுகின்றது. மற்றதில் உரிமை மறுக்கப்பட்டது.

பெரியவரிடம் அவ்வினா 1983ஆம் ஆண்டு யூலையில் நேராகக் கேட்கப்பட்டது. அச்சகம் எரிக்கப்பட்ட அன்று அவர் பின்கதவால் வெளியேறி நடந்தார். வழியில் மறித்தோர் எங்கே வீடு என்று வினவினர். 'கொட்டஹேன' என்று, தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களத்தில் விடை வந்தது, விட்டுவிட்டனர். தூய சிங்களமாயின் ஐயுற்றிருப்பர், கொட்டாஞ்சேனைச் சிங்களமாதலால் நம்பினர் என்று அவர் பின்னாளிற் கூறுவதுண்டு. மனைவியையும் பிள்ளைகளையும் இரண்டு இரவுகள் தன் கட்டிலின் பின்னால் மறைத்து வைத்திருந்தவர் அயல்வீட்டுச் சிங்கள மூதாட்டி. அதே ஒழுங்கையைச் சேர்ந்த சிலர் எரியும் கடைகளிலிருந்து பொருள் சுமந்து சென்றதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே அவர் கூறுவார். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்ததில்லை. சில நாட்களின் பின் அச்சகத்தைச் சென்று பார்த்தபோது எழுத்துத் தட்டுகள் எரிந்து, ஈயம் உருகி நிலத்திற் கட்டிபட்டிருந்தது. நூலாற் கட்டிவைத்த சொற்களும் அதனுள்ளே போயின.

அகதிகள் ஏறிய கப்பலிற் குடும்பம் காங்கேசன்துறையில் இறங்கியது. 'சொந்த ஊருக்குப் போ' என்று கொழும்பு துரத்தியது. சொந்த ஊர் எனப்பட்ட தந்தையின் கிராமமோ அவரைக் 'கொழும்பு ஆள்' என்று அழைத்தது. உறவினர் அன்பிற் குறைவைக்கவில்லை. எனினும் கிணற்றில் துலா மிதிக்கத் தெரியாத அவரைக் கண்டு சிறுவர்கள் நகைத்தனர். அவருடைய பேச்சில் விரவிய சொற்களைக் கேட்டு முதியோர் முகம் பார்த்தனர். ஆறு மாதங்களின் பின் அவர் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினார். அச்சம் நீங்கியதால் அன்று. வேறு ஊர் இல்லாமையால்.

கொட்டாஞ்சேனை கலவரம் கண்டது அதுவே முதன்முறையன்று. நூறு ஆண்டுகளுக்கு முன், 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, தீபதுத்தமாராம விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே இதே தெருக்களில் மோதல் மூண்டது. மொழி ஒன்றாயிருந்தும் மதம் பிரித்தது. அதன் எதிர்விளைவாக எழுந்த முயற்சிகளின் பயனாக 1885இல் வெசாக் நாள் பொது விடுமுறையாயிற்று; பௌத்த கொடியும் அவ்வாண்டு வெசாக்கின்போது அவ்விகாரையில் ஏற்றப்பட்டது. சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடமும் விகாரையின் தாதுகோபமும் இன்று அருகருகே வானை நோக்கி நிற்பதைக் கண்டு, இங்கு இணக்கம் இயல்பாகவே விளைந்தது என்று எண்ணுதல் தவறாகும். முறிந்த பின்னர் மனிதர் முயன்று பொருத்தியதே அவ்விணக்கம். பொருத்திய இடம் மீண்டும் முறியக்கூடும் என்பதை இங்கு வாழ்வோர் அறிவர். அறிந்தும் மறுநாட் காலையில் அயலானிடம் தீப்பெட்டி இரவல் கேட்பதே அவர்தம் வாழ்க்கைமுறை.

போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்தோரால் கொட்டாஞ்சேனையின் விடுதிகள் நிறைந்தன. கடவுச்சீட்டுக்காக, கண் சிகிச்சைக்காக, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய தொலைபேசி அழைப்புக்காக அவர்கள் காத்திருந்தனர். பொலிஸ் பதிவுப் படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்றொரு நிரல் இருந்தது. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் அதிகாலையில், கொழும்பின் விடுதிகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு அவரவர் 'ஊர்களுக்கு' அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வாசலில் நின்று அதனைக் கண்ட பெரியவர் அன்று முழுவதும் உணவு கொள்ளவில்லை என்று மகள் நினைவுகூர்வார்.

பின்னர் 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைத் திருத்தலத்திற் குண்டு வெடித்தபோது, தாயின் வழக்கத்தைப் பின்பற்றிச் செவ்வாய்தோறும் அங்கு மெழுகுதிரி ஏற்றிவந்த பெரியவர் வீட்டிலிருந்தார். அவ்வாரம் ஜம்பட்டா வீதியில் வெள்ளைக்கொடிகள் வரிசையாகத் தொங்கின. மதில்களில் ஒட்டப்பட்ட அறிவித்தல்களை அவர் ஒவ்வொன்றாக நின்று படித்தார். தமிழிற் சில, சிங்களத்திற் சில. அவற்றுட் பலவற்றில் ஊரைக் குறிக்கும் தனிச்சொல்லே இல்லை. இறந்தவர் அத்தெருவினர் என்பது அத்தெருவுக்குத் தெரியும். வீடு திரும்பியவர் மகளிடம், "பிள்ளை, எங்கட சனத்துக்கு ஊர் எழுதத் தேவையில்லை" என்று மட்டும் கூறினார்.

அறிவித்தல் எழுதும் தாளுடன் அமர்ந்திருந்த மகளின் நினைவுக்கு வந்தது அச்சொல்லே. வாசலில் அப்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது. கதிரைகள் பேராலயப் பக்கத்திலிருந்து வந்திருந்தன. தேநீர்க் கேத்தலைச் சிங்கள மூதாட்டியின் பேரன் சுமந்து திரிந்தான். வெள்ளைக்கொடி கட்டியோர் முஸ்லிம் இளைஞர் இருவர். "சித்தப்பா, இஞ்ச வந்து நிக்கிற சனத்தைப் பாருங்கோ. இவையளுக்கு விளங்கினாப் போதாதே?" என்று மகள் கேட்டார். சிறிய தந்தையார் நெடுநேரம் வாசலைப் பார்த்திருந்தார். பின்னர், தாமே தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு எழுதலானார். பிறப்பிடம், வதிவிடம் ஆகிய இரண்டு இடங்களுக்கும் ஒரே பெயர் வந்தது: கொட்டாஞ்சேனை. வடமராட்சிக் கிராமத்தின் பெயர், 'காலஞ்சென்றவர்களான' என்று தொடங்கும் அடுத்த வரியில் தந்தையின் பெயருக்கு முன்னே அமர்ந்தது. தாயின் பெயருக்கு முன்னே மீண்டும் கொட்டாஞ்சேனை. தூத்துக்குடியை எழுத வரியில் இடமிருக்கவில்லை.

ஊர் என்பது முன்னோர் விட்டுச்சென்ற நிலத்தால் மட்டும் அமைவதாயின், உலகின் பெருநகரங்கள் யாவும் ஊரற்றோரின் கூட்டங்களே. சாவு நேர்ந்த வேளையில் அழைக்காமலே வந்து கதிரை தூக்குவோர் எங்குள்ளனரோ அங்கேதான் ஊர் உள்ளதெனின், கொட்டாஞ்சேனை ஓர் ஊர். அறிவித்தல் மறுநாட் காலையில் வெளியாயிற்று. வடமராட்சியிலிருந்தும் மூன்று முதியோர் இரவுப் பஸ்ஸிற் புறப்பட்டு வந்து சேர்ந்தனர். தந்தையின் பெயரைக் கொண்டு அவர்கள் ஆளை அறிந்துகொண்டார்கள். பிற்பகலிற் பூதவுடல் பொரளை கனத்தை மயானத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டபோது, ஒழுங்கை முனைவரை பெட்டியைத் தூக்கியவர் அறுவர். அவர்களுள் எவரிடமும் எந்த ஊர் என்று எவரும் கேட்கவில்லை.